எழுத்துத் தொழிலின் கடன் கணக்கு

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் சமயமும், பிள்ளைகளைக் காலேஜில் சேர்க்கும் சமயமும் எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரிப்பவர்களும், எந்தக் காலேஜில் இடம் இருக்கிறது என்று விசாரிப்பவர்களும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போவார்கள். முன்னவர் முகத்தில் குளிர்ச்சி இருக்கும். பின்னவர் முகத்தில் என்ன இருக்கும் என்பதைப் பிள்ளை பெற்ற வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நான் குடியிருப்பது குத்துக்கல்வலசை. தென்காசியை ஒட்டிய ஊர். வலசை என்றால் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பிப் போவது என்று அர்த்தம். படைக்கும் பஞ்சத்துக்கும் பயந்து வந்தவர்கள் கூடிக் குடியேறிய இடத்துக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது படையும் இல்லை, பஞ்சமும் இல்லை. ஆனால் வலசை நின்றபாடில்லை. எதிர்வீட்டுக்காரர் கொத்தனார். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். அவர் மனைவி திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறாள். அவர்களுக்கு ஒரே மகள். பிளஸ் டூவில் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள்.

சென்ற வருஷம் ஒரு மாலை, சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் மகளையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இவ சொல்லுத படிப்பு என்ன படிப்புன்னே எனக்கு வெளங்கல. பத்திரிகையில எழுதவும் டி.வி.யில படம் புடிக்கவும் படிப்பாம். மெட்ராஸ்ல போய்ப் படிக்கணுமாம். எல்லாம் சேத்து மூணு லட்சம் ஆகுமாம். பாங்குல கடன் தாரோம்னு சொல்லுதாவ. நீங்க எழுதுதவுக. கையெழுத்துப் போடட்டா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

எழுதுகிறவன் என்பதால் எழுத்துத் தொழிலின் வரவுசெலவு எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவள் நம்பினாள். எனக்கோ என் சொந்த வரவுசெலவே தெரியாது. "ரெண்டு நாள் பொறு தங்கச்சி, யோசித்துச் சொல்லுகிறேன்" என்று அனுப்பிவிட்டேன். யோசித்த இரண்டு நாளும் என் மனம் மெட்ராஸுக்குப் போகவில்லை. பழைய பத்திரிகைக்காரர்களிடம் போய்விட்டது. இந்தத் தொழிலை நம் முன்னோர்கள் எப்படிக் கற்றார்கள்? அந்தப் படிப்புக்கு யார் பணம் கொடுத்தார்கள்? இப்போது யார் கொடுக்கிறார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

கடன் என்பது நம் பத்திரிகைத் தொழிலுக்குப் புதிதல்ல. அது பிறந்ததே கடனில்தான். 1878 செப்டம்பர் 20ஆம் தேதி சென்னையில் 'ஹிந்து' பத்திரிகையின் முதல் இதழ் வெளிவந்தது. திருவையாற்றுக்காரரான ஜி.சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் பள்ளி ஆசிரியர்கள். அவர்களோடு சேர்ந்த மற்ற நால்வரும் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். முத்துசாமி ஐயரை ஹைகோர்ட்டு நீதிபதியாக நியமித்ததை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் பழித்தன. அதற்குப் பதில் சொல்லவேண்டும் என்ற ரோஷம் ஆறு பேருக்கும் இருந்தது. கையில் காசு இல்லை. 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அன்றைக்கு அந்தக் கடனுக்கு யாரும் ஜாமீன் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதே சுப்பிரமணிய ஐயர் 1882இல் 'சுதேசமித்திர'னைத் தொடங்கினார். 1904இல் ஓர் இளைஞரை மதுரையிலிருந்து அழைத்துவந்து உதவி ஆசிரியராக வைத்துக்கொண்டார்.

அந்த இளைஞர் பாரதியார். மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் மாதம் 17½ ரூபாய்ச் சம்பளத்தில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சில மாதம் இருந்துவிட்டு வந்தவர். அவர் படித்தது திருநெல்வேலி ஹிந்துக் கலாசாலையில். அந்தப் படிப்பைத் தொடர உதவி கேட்டு 1897இல், பதினான்கு வயதில், எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளில் விண்ணப்பம் போட்டிருக்கிறார். இன்று நாம் கம்ப்யூட்டரில் நிரப்புகிற பாரத்தை அவர் பாட்டில் நிரப்பினார் என்பதுதான் வித்தியாசம். பிற்காலத்தில் அந்த இங்கிலீஷ் படிப்பைப் பற்றித் தம் சுயசரிதைப் பாட்டில் அவர் எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்குத் தெரியும். அப்பாவுக்குப் பணச்சேதம், தமக்கு மனச்சேதம், லாபம் ஒன்றுமில்லை என்பதுதான் அவர் போட்ட ஐந்தொகை. படிப்புக்கு ஆன செலவையும் அதனால் வந்த பலனையும் எதிரெதிரே வைத்துக் கணக்குப் பார்த்த முதல் தமிழ்ப் பத்திரிகைக்காரர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

பத்திரிகைத் தொழிலை அவருக்கு ஹிந்துக் கலாசாலை கற்றுக்கொடுக்கவில்லை. சுதேசமித்திரன் காரியாலயம் கற்றுக்கொடுத்தது. இங்கிலீஷ் தந்திகளையும் பிரசங்கங்களையும் அன்றன்றைக்குத் தமிழாக்கி அச்சுக்கோப்பவனிடம் கொடுத்தாகவேண்டும். அதுதான் பாடம், அதுதான் பரீட்சை. அந்தப் பாடத்துக்குச் சம்பளம் கட்டினவர் மாணவர் அல்ல, காரியாலயம்தான் மாணவருக்குச் சம்பளம் கொடுத்தது. கொஞ்சமாகத்தான் கொடுத்தது. ஆனால் கொடுத்தது.

இந்த இடத்தில் கடையத்தைச் சொல்லாமல் போகமுடியாது. எங்கள் ஊரிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில் இருக்கும் ஊர். பாரதியாரின் மாமியார் வீடு அங்கேதான். புதுச்சேரியை விட்டு வந்து சிறை மீண்ட பிறகு, 1918 கடைசியிலிருந்து 1920 வரை பெரும்பாலும் அங்கேயே இருந்தார். அந்தக் காலத்தில், 1920இல், அவர் ஒரு சுற்றறிக்கை அச்சிட்டு நண்பர்களுக்கு அனுப்பினார். தம் நூல்களை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் போடுவது. ஆக மொத்தம் நாலு லட்சம் பிரதிகள். முதல் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டும். ஒவ்வொரு நண்பரும் 100 ரூபாயாவது கடனாக அனுப்பினால் வட்டி போட்டுத் திருப்பித் தருவார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிட வேகமாகப் புத்தகங்கள் விற்றுப்போகும். லாபம் ஒன்றரை லட்சம் வரும்!

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். கணக்கில் தவறு என்று சொல்லமுடியாது. இந்த நூறு வருஷத்தில் அவர் புத்தகங்கள் நாலு லட்சத்துக்கு எத்தனையோ மடங்கு விற்றுவிட்டன. காலம்தான் பொருந்தவில்லை. வரவு வரப்போகிற தேதியும் கடனைக் கட்டவேண்டிய தேதியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. பணம் அனுப்புவாரில்லை. அவர் அந்த வருஷக் கடைசியில் மறுபடியும் சுதேசமித்திரனுக்கே உதவி ஆசிரியராகப் போனார். அடுத்த வருஷம் செப்டம்பரில் காலமானார்.

இனி எங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லுகிறேன். டி.எஸ்.சொக்கலிங்கம் தென்காசியில் 1899இல் பிறந்தவர். அவருடைய தமையனார் 1911இல் நடந்த ஆஷ் கொலை வழக்கில் அகப்பட்டுக்கொண்டார். குடும்பத்துக் கடையைப் பார்க்க ஆள் இல்லை. பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தான். அதோடு படிப்பு முடிந்தது. பிறகு காங்கிரஸ், சேலத்தில் டாக்டர் வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' பத்திரிகை, பிறகு சொந்தமாகக் காலணா விலையில் 'காந்தி', 1933இல் ஸ்டாலின் சீனிவாசனோடும் வ.ரா.வோடும் சேர்ந்து 'மணிக்கொடி'. 1934 செப்டம்பர் 11ஆம் தேதி, பாரதியார் நினைவுநாளில், 'தினமணி' பிறந்தபோது அதன் முதல் ஆசிரியராக அமர்ந்தவர் இந்தப் பள்ளிக்கூடம் முடிக்காத கடைக்காரப் பையன்தான். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலைத் தமிழில் கொண்டுவந்தவரும் அவரே.

அவருக்குக் கீழே தினமணியில் உதவி ஆசிரியராக வேலைபார்த்தவர்களில் ஒருவர் பி.ஏ. பட்டதாரி. திருநெல்வேலி ஹிந்துக் கல்லூரியில் 1931இல் பட்டம் வாங்கியவர். அப்பா தாசில்தார். மகனும் பட்டம் வாங்கிச் சர்க்கார் உத்தியோகத்தில் அமர்வான் என்று அவர் எதிர்பார்த்ததில் பிசகில்லை. அந்தக் காலத்தில் பி.ஏ. என்பதன் விலையே அதுதான். மகன் கதை எழுதப் போய்விட்டான். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் மனஸ்தாபம் வந்தது. சென்னைக்கு வந்தார், 'மணிக்கொடி'யில் எழுதினார், காரைக்குடி 'ஊழிய'னில் கொஞ்ச நாள் இருந்தார், பிறகு தினமணி. 1943இல் சொக்கலிங்கம் அங்கிருந்து விலகியபோது அவரும் விலகினார். சொக்கலிங்கம் 'தினசரி' தொடங்கியபோது அங்கேயும் போனார். கடைசியில் சினிமாவை நம்பிப் புனாவுக்குப் போய், க்ஷயரோகத்தோடு திரும்பி, 1948இல் 42ஆம் வயதில் திருவனந்தபுரத்தில் இறந்துபோனார். புதுமைப்பித்தன் என்று நான் பெயர் சொல்லுவதற்கு முன்பே வாசகர்கள் கண்டுகொண்டிருப்பார்கள்.

பட்டம் இல்லாதவர் ஆசிரியர், பட்டதாரி உதவி ஆசிரியர். இதில் யாருக்கும் அவமானமில்லை. அந்தத் தொழிலில் பட்டத்துக்கு விலை இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். கல்கி கிருஷ்ணமூர்த்தி ஒத்துழையாமை இயக்கத்தில் பள்ளியை விட்டவர். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது திரு.வி.க.வின் 'நவசக்தி'. அந்தத் திரு.வி.க.வும் பள்ளிக்கூடம் முடிக்காதவர். பள்ளிக்கூடம் முடிக்காத குருவிடம் பள்ளிக்கூடம் முடிக்காத சிஷ்யன் பாடம் கேட்டதில் தமிழ்நாட்டுக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "பட்டமாவது, மண்ணாவது! காரியாலயத்தில் போய்க் கற்றுக்கொள் அம்மா" என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. என் வயதுக்காரர்கள் பலர் அப்படித்தான் சொல்லுகிறார்கள். நானும் காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நிறுத்தியவன். பட்டமில்லாமல் பிழைத்துவிட்டேன் என்ற கர்வம் எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்தப் பழைய காரியாலயங்களின் படத்தை மறுபடி ஒரு முறை மனதில் நிறுத்திப் பார்த்தேன். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் யார்? எல்லாரும் ஆண்பிள்ளைகள். பெரும்பாலும் இரண்டு மூன்று சாதிக்காரர்கள். ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். 'இன்னாருடைய மருமகன், நன்றாக எழுதுவான்' என்று ஒரு கடிதம் கொண்டுவந்தால் நாற்காலி கிடைத்தது. அங்கே கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் கொத்தனார் மகளை அந்த வாசல்படி ஏறவிட்டிருப்பார்களா? அவளுக்குக் கடிதம் கொடுக்க யார் இருந்தார்கள்?

யாருடைய மருமகன் என்று கேட்காமல் மார்க்கைக் கேட்டது யூனிவர்சிட்டிதான். அதன் பெருமை அது. பத்திரிகைத் தொழிலை வகுப்பறையில் கற்பிக்கலாம் என்று நம் நாட்டில் முதலில் முயன்றவர் அன்னி பெசன்ட் அம்மையார். 1920இல் அடையாற்றில் அவருடைய தேசிய சர்வகலாசாலையில் அந்த வகுப்பு நடந்தது. மாணவர்கள் அவருடைய 'நியூ இந்தியா' பத்திரிகையிலேயே வேலை பழகினார்கள். வகுப்பறையும் காரியாலயமும் அங்கே பிரியவில்லை. 1941இல் லாகூரில் பஞ்சாப் யூனிவர்சிட்டியும், 1947இல் சென்னை யூனிவர்சிட்டியும் தொடங்கின. 1955இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. சம்பளத்தை நிர்ணயிக்கச் சம்பளக் குழுக்கள் வந்தன. பத்திரிகைக்காரனும் ஒரு உத்தியோகஸ்தன் என்று சர்க்கார் ஒப்புக்கொண்ட வருஷம் அது. ஆனால் அந்தச் சட்டம் செய்தித்தாளுக்கு மட்டுமே ஏற்பட்டது. 1993இல் சன் டி.வி. வந்து, அதன் பின்னே ஒன்றன்பின் ஒன்றாகச் சானல்கள் வந்தபோது, அந்தப் புதிய கட்டடங்களில் வேலை பார்த்த பிள்ளைகள் அந்தச் சட்டத்தின் குடைக்கு வெளியே நின்றார்கள்.

சானல்கள் பெருகியபோது 'விஷுவல் கம்யூனிகேஷன்' என்ற படிப்பும் பெருகியது. பிள்ளைகள் செல்லமாக 'விஸ்காம்' என்பார்கள். பல கல்லூரிகளில் இது சுயநிதிப் பிரிவு. அதாவது, ஆசிரியர் சம்பளம், காமிரா, ஸ்டூடியோ எல்லாவற்றுக்கும் பிள்ளைகளின் பெற்றோரே பணம் கொடுக்கவேண்டும். நான் தேடிக்கொண்டிருந்த விஷயம் இங்கேதான் எனக்கு அகப்பட்டது. ஒரு காலத்தில் தொழிலைச் சொல்லிக்கொடுக்கிற செலவு முதலாளியுடையது. பையன் தப்பும் தவறுமாய் எழுதுகிற முதல் இரண்டு வருஷத்தை அவர் சம்பளம் கொடுத்துச் சகித்துக்கொண்டார். இப்போது அந்தத் தப்பும் தவறுமான வருஷங்கள் காலேஜுக்குப் போய்விட்டன. செலவு அப்பாவின் தலைக்கு வந்துவிட்டது. முதலாளியோ, "எங்களுக்குத் தயாரான ஆள் வேண்டும்" என்கிறார். தயாரான ஆளுக்குத் தயாராகாத சம்பளம் கொடுக்கிறார். ஆனந்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தைப் போல, படிக்கிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தாமே பழக்கிய நிறுவனங்களும் உண்டு. அப்படி வந்தவர்கள் பலர் பின்னால் பெயர் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதவு சின்னது. தட்டுகிறவர்கள் அதிகம்.

கடனுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. படிப்புக்குக் காணியை விற்பது, மாமனாரிடம் வாங்குவது, மனைவியின் நகையை வைப்பது இவையெல்லாம் நம் குடும்பங்களின் புராதன வழக்கங்கள். 1963இல் மத்திய சர்க்கார் தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. அது வட்டியில்லாக் கடன். கடன் வாங்கிப் படித்தவர் ஆசிரியர் வேலைக்குப் போனால், வேலைபார்க்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. எனக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு பிரியம். குறைந்த சம்பளத்தில் ஊருக்கு உபயோகமான வேலை செய்கிறவனிடம் கடனைப் பிடுங்கக்கூடாது என்ற ஞானம் அதில் இருக்கிறது. வசூல் மோசமாக இருந்ததால் அந்தத் திட்டம் பின்னால் கைவிடப்பட்டது. 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தோடு இன்றைய கல்விக் கடன் வந்தது. நாலு லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் வேண்டாம், பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கேட்கமாட்டார்கள். தமிழ்நாட்டார் இதை மற்ற ராஜ்யத்தாரைவிட அதிகமாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் 1989 முதல் வேறு ஒரு முறை. மாணவன் சம்பாத்தியம் இன்ன அளவைத் தாண்டினால்தான் கடன் பிடிப்பார்கள். தாண்டாவிட்டால் காத்திருப்பார்கள். நம் பாங்குக் கடன் அப்படியல்ல. சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் தவணைத் தேதி வந்துவிடும்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, ஒரு வெள்ளைத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு இருவரும் கணக்குப் போட்டோம். தொகைகள் எல்லாம் 'என்று வைத்துக்கொள்வோம்' தான். வருஷத்துக்கு ஒரு லட்சமாக மூன்று லட்சம் கடன். வட்டி 10 சதவிகிதம். தவணை கேட்காத நாலு வருஷத்திலும் வட்டி தூங்குவதில்லை. முதல் லட்சத்துக்கு 40,000, இரண்டாவதுக்கு 30,000, மூன்றாவதுக்கு 20,000. ஆக, தவணை தொடங்குகிற அன்று அவள் தலையில் இருப்பது 3,90,000. அதை ஏழு வருஷத்தில் அடைக்கவேண்டுமானால் மாதம் சுமார் 6,470 ரூபாய். 84 மாதம் கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 5,44,000 கொடுத்திருப்பாள்.

"சம்பளம் பதினஞ்சாயிரம் கிடைக்கும்ல மாமா? அதுல கட்டிரலாம்லா?" என்றாள்.

"கட்டலாம். ஆனால் அந்தப் பதினைந்தாயிரத்தையும் படிப்பின் கணக்கில் வரவு வைக்கக்கூடாது. காலேஜுக்கே போகாமல் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் நின்றால் உனக்கு ஒன்பதாயிரம் கொடுப்பார்கள் என்று வைத்துக்கொள். படிப்பு சம்பாதித்துத் தருவது மிச்சமிருக்கிற ஆறாயிரந்தான். தவணையோ 6,470."

அவள் பேசவில்லை. நான் மேலும் கொடூரனானேன். படிக்கிற மூன்று வருஷமும் அந்த ஒன்பதாயிரம் வராது. 36 மாதத்துக்கு 3,24,000. காலேஜ் பில்லில் எழுதாத இந்தத் தொகை கடனைவிடப் பெரியது என்று காட்டினேன். சர்க்கார் பள்ளியில் படித்த பெண்ணானதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும். மூன்று வருஷத்துக்கு 36,000. அதை வரவில் வைத்தேன். மெட்ராஸில் அறை வாடகையும் சாப்பாடும் செலவில் வைத்தேன். தாள் நிறைந்துவிட்டது.

அப்புறம் எனக்கே நான் போட்ட கணக்கில் சந்தேகம் வந்தது. முதல் மாதச் சம்பளத்தை வைத்து ஆயுசுக்கும் கணக்குப் போடலாமா? நாலைந்து வருஷத்தில் சம்பளம் இரட்டித்தால் தவணை ஒரு பொருட்டாகவே இருக்காது. ஜவுளிக்கடைச் சம்பளம் அப்படி இரட்டிக்காது. வேறொரு பக்கமும் உண்டு. இந்தப் படிப்பு படித்தவர்கள் எல்லாரும் ஒரே வேலைக்குப் போவதில்லை. ஒருவன் சினிமாவில் காமிரா பிடிக்கிறான். ஒருத்தி விளம்பரக் கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருக்கிறாள். ஒருவன் கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துவிட்டுப் பாக்கிப் பணத்துக்கு மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்கிறான். இவர்கள் எல்லாருடைய சம்பளத்தையும் கூட்டி வகுத்து வருகிற சராசரி ஒருவருக்கும் கிடைக்கிற சம்பளமல்ல. கடன் தவணை மட்டும் எல்லாருக்கும் ஒன்றே.

கடன்களுக்குள் எது கொடியது என்பது எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். படிப்பைப் பாதியில் நிறுத்தியவனின் கடன். என் காலேஜ் சம்பளத்துக்காக என் தாயாரின் சங்கிலி தென்காசியில் ஒரு அடகுக் கடைக்குப் போயிற்று. இரண்டாவது வருஷம் நான் வகுப்பை விட்டு நூலகத்தில் உட்கார்ந்து நாவல் படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வருஷம் போகவே இல்லை. பட்டமும் வரவில்லை, சங்கிலியும் வரவில்லை. வட்டி ஏறி அது முழுகிப்போன செய்தியை என் தாயார் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். பிறகு என் முதல் நாவலுக்கு வந்த பணத்தில் வேறொரு சங்கிலி வாங்கிக் கொடுத்தேன். அது மெல்லிசாக இருந்தது. 'இதுவே நல்லா இருக்கு, கழுத்தை அறுக்கல' என்றாள்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. இன்னொரு வழியைச் சொன்னேன். குற்றாலத்திலேயே ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. குற்றாலநாதர் தேவஸ்தானத்துப் பணத்தில் 1964இல் ஏற்பட்டது. அருவிக் கரையில் இருக்கிற கோயில் பெண்பிள்ளைகளுக்குக் காலேஜ் வைத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று நாங்கள் பக்கத்திலேயே இருப்பதால் நினைப்பதில்லை. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். அங்கே ஒரு பி.ஏ. முடித்துவிட்டு, திருநெல்வேலிச் சாலையில் அபிஷேகப்பட்டியில் இருக்கிற மனோன்மணீயம் சுந்தரனார் யூனிவர்சிட்டியில் இந்தத் துறையிலேயே எம்.ஏ. படிக்கலாம். கடன் வாங்கினாலும் இரண்டு வருஷத்துக்கு வாங்கினால் போதும். அதற்குள் கையும் பழகும், கண்ணும் பழகும்.

"அதுவும் நல்லாத்தான் இருக்கு மாமா" என்றாள். கொஞ்ச நேரம் வெளியே தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு வருஷம் கழிச்சு இந்த ஆசை எனக்கு இருக்குமா? அதுக்குள்ள மாப்பிள்ளை பாத்துற மாட்டாவளா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கடனை நான் பணமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸில் ஒரு பாங்குக் கடன் இருக்கிறவரைக்கும் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள் என்று அந்தப் பெண் வேறு விதமாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்! அவளுக்கு அந்த மூன்று லட்சத்தில் ஒரு பங்கு படிப்பின் விலை. மற்றொரு பங்கு மூன்று வருஷ அவகாசத்தின் விலை. என் தாளில் அதற்குப் பத்தி இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் நான் எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போனபோது, தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். தாயின் மடியில் பீடித் தட்டு. மகள் என் தாளின் பின்பக்கத்தில் ஏதோ வகுத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க ஒண்ணை விட்டுட்டிய" என்று தாளை என்னிடம் நீட்டினாள்.

6,470ஐ ஆயிரம் பீடிக்குக் கிடைக்கும் கூலியால் வகுத்திருந்தாள். மாதம் ஏறக்குறைய 25,000 பீடி.

அவள் தாயார் தலை நிமிரவில்லை. இலையை வெட்டிக்கொண்டே, "அது பெரிய காரியம் இல்ல அண்ணாச்சி. மூணு லட்சத்தைப் பாத்துத்தான் பயமா இருந்துது. பீடின்னு சொன்னா வெளங்குது" என்றாள். அப்புறம் மகளைப் பார்த்து, "பாங்குக்கு என்னிக்கு வரச் சொன்னாவ?" என்று கேட்டாள்.